கொடுக்கப் போன இடத்தில் வாங்குவது

அன்பின் அக்கா,

என் சொந்த ஊர் மட்டக்களப்புப் பக்கம் பெரியகல்லாறு. இப்போது மலாவியில் ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில், திருச்சபைப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். இங்கே மின்சாரம் நினைத்த நேரம் போகும். தண்ணீருக்குக் குழாய்க்கிணற்றடியில் வரிசையில் நிற்க வேண்டும். பிள்ளைகளில் பலர் செருப்பில்லாமல்தான் நடந்து வருகிறார்கள். இவர்களைப் பார்த்த பிறகுதான் ஆண்டவர் எனக்கு எவ்வளவு தந்திருக்கிறார் என்று விளங்கியது. இரவில் நன்றி சொல்லாமல் படுப்பதில்லை.

மழைக்காலத்தில் மலேரியா வந்து விழுந்துவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மாதான் தண்ணீர் அள்ளி வைத்து, கஞ்சி காய்ச்சித் தந்து பார்த்தார். அவருக்கே வீடு நிறையப் பிள்ளைகள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தேவனை மட்டும் நம்பியிருப்பேன் என்று சொல்லிக்கொண்டு வந்தவன், கடைசியில் ஓர் ஏழை மனுசியின் கையை எதிர்பார்த்துக் கிடந்தேன். உதவ வந்தவன் உபத்திரவமாகிவிட்டேனோ? என் விசுவாசத்தில்தான் குறையா? பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகன்

*

அன்பின் தம்பி,

முதலில் ஒன்று கேட்கிறேன். மாத்திரையை மூன்று நாளும் முழுதாக எடுத்தீர்களா? காய்ச்சல் விட்டதும் மிச்சத்தை நிறுத்திவிடுகிற ஆட்கள் உண்டு. 2016இல் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. உங்கள் வயதுக்காரருக்கு அது பாடப்புத்தகத்தில் வரும் நோய். எங்கள் அம்மம்மாவைக் கேட்டிருந்தால் வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்வாடியில் குளிர்காய்ச்சலோடு கிடந்த கதையை ஒரு பின்னேரம் முழுக்கச் சொல்லியிருப்பார்.

சரி, கடிதத்துக்கு வருகிறேன். நீங்கள் வெட்கப்படுகிற இடத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. எனக்கு இடறியது அதற்கு முந்தின பகுதி. செருப்பில்லாத பிள்ளையைப் பார்த்து, எனக்குச் செருப்பு இருக்கிறதே என்று ஸ்தோத்திரம் சொல்வது நன்றிதானா? ஆலயத்தில் நின்று, மற்ற மனுஷரைப் போல நான் இல்லை, அதற்கு நன்றி என்று ஜெபித்த பரிசேயனை லூக்கா பதினெட்டாம் அதிகாரத்தில் பார்க்கிறோம். உங்களைப் பரிசேயன் என்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். வெளிநாட்டு ஊழியத்துக்குப் போய்வந்து சாட்சி சொல்கிறவர்களில் பாதிப்பேர் இதைத்தான் சொல்கிறார்கள், சபையும் ஆமென் போடுகிறது. அந்தப் பிள்ளை நாளைக்குச் செருப்பு வாங்கிவிட்டால் இந்த நன்றி என்னாகும்?

நாமும் ஒருகாலம் அந்தப் பிள்ளையின் இடத்தில் இருந்தவர்கள்தான். 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தபோது நீங்கள் சிறுபிள்ளையாக இருந்திருப்பீர்கள். நாவலடி, டச்பார், கல்லடி, உங்கள் கல்லாறு, அங்கால் கல்முனை, மருதமுனை என்று கரை முழுக்க அடித்துக்கொண்டு போனது. பள்ளிக்கூட வகுப்பறைகளில் வாங்குகளை ஒதுக்கிவிட்டுப் படுத்திருந்தோம். முதலில் வந்தது படுவான்கரையிலிருந்து சோற்றுப் பார்சல். அப்புறம்தான் வெள்ளைக்காரத் தொண்டர்கள் வந்தார்கள். நல்லவர்கள். கூடாரம் அடித்தார்கள், கிணறு இறைத்துத் துப்புரவு செய்தார்கள். ஆனால் நாங்கள் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைப் பலர் தொடவில்லை. வயிற்றோட்டத்துக்குப் பயந்திருப்பார்கள், அதைக் குற்றமென்று சொல்ல முடியாது. இருந்தாலும், கொடுத்த கோப்பை அப்படியே திரும்பி வந்தபோதுதான் நாங்கள் அகதியாகிவிட்டோம் என்பது உறைத்தது. தாதி ஒருத்தி மட்டும் பாயில் சம்மணம் போட்டு இருந்து, எங்களோடு பிட்டுத் தின்று, உறைப்புத் தாங்காமல் கண்ணீர் விட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டாள். அவள் என்ன மருந்து தந்தாள் என்பது எனக்கு ஞாபகமில்லை. கேட்டது மட்டும் ஞாபகமிருக்கிறது.

இனி உங்கள் கேள்வி. தேவனை நம்பியிருப்பது என்றால் மனுசரிடம் ஒன்றும் வாங்காமல் இருப்பது என்று யார் சொல்லித் தந்தது? வேதத்தில் வரும் எலியா தீர்க்கதரிசியை எடுங்கள். பஞ்சகாலத்தில் முதலில் காகங்கள் அவருக்கு அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தன. ஆற்றுத் தண்ணீர் வற்றியதும் தேவன் அவரைச் சாறிபாத்துக்கு அனுப்பினார். அது சீதோன் தேசத்து ஊர். அதாவது அவருக்கும் அது வெளிநாடு. அங்கே அவரைப் பராமரிக்கச் சொன்னது பணக்காரனையா? ஒரு விதவையை. பானையில் ஒரு பிடி மா, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய், அதைச் சுட்டுத் தின்றுவிட்டு மகனோடு சாகலாம் என்று விறகு பொறுக்கிக்கொண்டிருந்தவள். அவளிடம் தீர்க்கதரிசி முதலில் தண்ணீர் கேட்கிறார், பிறகு அடை கேட்கிறார். இதை வைத்துக் காணிக்கைப் பிரசங்கம் செய்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. மேடையில் நிற்கிறவர் பசியோடு இல்லையே. எலியா பசியோடுதான் கேட்டார். கேட்பதைத் தவிர அவருக்கு வேறு வழியே விடப்படவில்லை.

காகம் கொண்டுவந்திருந்தால் நீங்களும் வெட்கப்பட்டிருக்க மாட்டீர்கள். மனுசி கொண்டுவந்ததால்தான் வெட்கம். நான் கொடுக்கிறவன், அவள் வாங்குகிறவள் என்று மனதில் போட்டுக்கொண்டு வந்த கணக்குப் பிழைத்துவிட்டது, அவ்வளவுதான். அதில் விசுவாசக் குறை எங்கே வந்தது?

எங்கள் ஊருக்கு வந்த வில்லியம் ஓல்ட்டையும் சொல்ல வேண்டும். 1813 கடைசியில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறிய மெதடிஸ்த குழுவில் அவரும் ஒருவர். வழியிலேயே அவருடைய மனைவி இறந்தார். 1814 மே மாதம் குழுத்தலைவர் தோமஸ் கோக்கும் கப்பலிலேயே இறந்தார். பண ஏற்பாடெல்லாம் கோக்கின் கையில் இருந்ததால், பம்பாயில் இறங்கியபோது மிச்சப்பேருக்குச் செலவுக்கே வழியில்லை. முன்பின் தெரியாத அந்நகர வணிகர் ஒருவர்தான் கடன் கொடுத்தார். அப்படித்தான் அவர்கள் இலங்கைக்கு வந்து சேர்ந்தார்கள். ஓல்ட் மட்டக்களப்பில் இருந்தது எட்டு மாதமளவில்தான். 1815 ஏப்ரலில் இறந்துவிட்டார். அதற்குள் பள்ளிக்கூடங்களைத் தொடங்கியிருந்தார். மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை 1814 என்று சொல்வது அதனால்தான். அவர் என்ன கொடுத்தார் என்று வருடா வருடம் பேசுகிறோம். தமிழ் தெரியாத, மனைவியைக் கடலில் விட்டுவிட்டு வந்த அந்த மனுசனுக்குச் சோறு ஆக்கிப் போட்டது யார்? காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியில் ஈரத்துணி வைத்தது யார்? அவர்களைப் பற்றி எந்த விழா மலரிலும் ஒரு வரி நான் பார்த்ததில்லை.

ஆகவே அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லுங்கள். இரவில் ஆண்டவரிடம் சொல்வது இருக்கட்டும், பகலில் அவர் முகத்தைப் பார்த்து, அவர் பாசையில் சொல்லுங்கள். ஆனால் உடனே ஒரு சூரிய விளக்கோ காசோ கொண்டுபோய் நீட்டிவிட வேண்டாம். கடனைத் தீர்த்து ஆளைக் கழற்றிவிடுகிற வேலை அது. கொஞ்சநாள் கடன்பட்டிருங்கள். அவர் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதென்றால் அவர் வீட்டு முற்றத்திலேயே இருந்து சொல்லிக் கொடுங்கள். சோளன்மாக் களி தந்தால் சாப்பிட்டுவிட்டு எழும்புங்கள்.

அந்த ஏரியில் உசிப்பா என்று ஒரு சின்ன மீன் பிடித்துக் காயவைப்பார்களாமே, நம் நெத்தலிக் கருவாட்டுக்கு அது ஈடு கொடுக்குமா? ஏரிக்கரைப் பக்கம் புளியமரமும் இருக்கும். ஒரு நாளைக்குப் புளி விட்டுக் குழம்பு வைத்து அந்த வீட்டுக்கும் ஒரு கோப்பை கொடுத்துவிடுங்கள். உறைப்பைக் குறைத்துப் போடுங்கள் தம்பி, கல்லாற்று அளவு வேண்டாம்.

அன்புடன்,
அக்கா