முதலியார்யார்?

அன்புள்ள ஐயா,

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து எழுதுகிறேன். எங்கள் குடும்பத்திலும் அக்கம்பக்கத்திலும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்தவர்களின் பெயர்களை என் பெரியப்பா பல ஆண்டுகளாகத் தமிழில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார். எல்லாம் சாதாரண உரைக்கோப்புகள், மொத்தம் முப்பத்தெட்டு. அவருக்குக் கண் மங்கிவிட்டதால் வேலை என்னிடம் வந்திருக்கிறது. என் மகன் தன் பழைய மடிக்கணினியில் உபுண்டு போட்டுக் கொடுத்து, "கட்டளை வரியில் செய்யுங்கள் அம்மா, ஒரு நிமிட வேலை" என்றான். வி-ஐ (vi) என்ற உரைத்திருத்தியைத் தட்டித் திறந்தேன். உள்ளே போனவளுக்கு வெளியே வரத் தெரியவில்லை, சன்னலையே மூடிவிட்டேன். நான் கற்க வேண்டியது வி-ஐயா, நானோ என்ற இன்னொரு திருத்தியா? மூன்சாமி, மூட்லி என்று வெள்ளைக்காரன் கெடுத்த பெயர்களை எல்லாக் கோப்புகளிலும் ஒரே கட்டளையில் முனுசாமி, முதலியார் என்று திருத்துவது எப்படி? நாற்பத்தெட்டு வயதில் இதெல்லாம் தலையில் ஏறுமா?

ச.

அன்புள்ள ச.,

கடைசிக் கேள்வியை நான் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். தைப்பூசத்துக்கு விரதமிருந்து வெறுங்காலோடு காவடி தூக்கும் பெண்கள் உள்ள ஊரில் இருந்துகொண்டு, நான்கு கட்டளைகள் தலையில் ஏறுமா என்று கேட்கலாமா?

நானோ போதும். எந்த விசை என்ன செய்யும் என்பது திரையின் அடியில் இரண்டு வரியில் எழுதியே இருக்கும். கூரை போன்ற குறி கன்ட்ரோல் விசையைக் காட்டுகிறது, அவ்வளவுதான். வி-ஐதான் வீரம் என்று சொல்லும் பையன்கள் சொல்லிக்கொண்டிருக்கட்டும். அதன் வாரிசான விம்மைத் திறந்தால் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று முதல் திரையிலேயே பல தடவை ஒரு வரி வரும். அதற்காக அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் உங்களுக்கு இப்போது அது வேண்டாம்.

பெயர்களைத் திருத்தும் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. உங்களைத் திட்டப்போகிறேன். அதற்குமுன் நான் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1969இல் கென் தாம்சன் எட் என்று ஒரு திருத்தியை எழுதினார். தட்டியதும் பதிலும் தாளில் அச்சாகி வந்த காலம் அது. தவறாக எதையாவது தட்டினால் எட் ஒரே ஒரு கேள்விக்குறியைப் போடும். என்ன தவறு, எங்கே தவறு, ஒன்றும் சொல்லாது. சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைதோறும் நாங்கள் போன தமிழ்ப் பாடசாலையில் வாத்தியாரும் அப்படித்தான். நோட்டின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி இருக்கும். அந்த வரியில் லகரம் தப்பா ளகரம் தப்பா என்று நாமே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். அன்று அவரை வெறுத்தேன். எட்டின் வழியில் வந்து, கோப்பில் ஒரு சொல்லை வேறு சொல்லாக மாற்றும் செட் (sed) என்ற கட்டளையைப் பார்த்த பிறகுதான் அந்தக் கேள்விக்குறியின் அருமை தெரிந்தது. செட் கேள்வியே கேட்காது. சொன்னதை, சொன்ன இடத்திலெல்லாம், கண் இமைப்பதற்குள் செய்துவிடும்.

என் அண்ணனும் உங்கள் பெரியப்பாவைப் போலத்தான். ஆவணக் காப்பகத்தின் கப்பல் பட்டியல்களைப் பார்த்தும், ஸ்டாங்கர், டோங்காட் பக்கத்துக் கிழவிகளைக் கேட்டும் பெயர்களைச் சேர்த்தார். அவர் இறந்த பிறகு கோப்புகள் என்னிடம் வந்தன. சிலவற்றில் மூட்லி, சிலவற்றில் முதலி. இது என்ன ஒழுங்கின்மை என்று, பெரிய மேதாவியாக, இரண்டு கட்டளைகள் போட்டேன். முதல் கட்டளை மூட்லியை முதலி ஆக்கியது. இரண்டாவது, மரியாதைக்காக, முதலியை முதலியார் ஆக்கியது. செட்டோடு ஐ (-i) என்ற சிறுகுறியையும் சேர்த்திருந்தேன். அதைச் சேர்த்தால் திருத்தம் நேராகக் கோப்பிலேயே விழும். நகல் எடுக்கவில்லை.

கோப்பைத் திறந்தேன். "முதலில் வந்த கப்பல் ட்ரூரோ" என்று அண்ணன் எழுதியிருந்த வரி "முதலியார்ல் வந்த கப்பல் ட்ரூரோ" என்று நின்றது. "அரிசி, பருப்பு முதலியன" என்பது "முதலியார்யன" ஆகியிருந்தது. ஏற்கெனவே முதலியார் என்று இருந்தவர்களோ "முதலியார்யார்" ஆகிவிட்டார்கள். யார் யார் என்று கோப்பு முழுவதும் என்னையே கேட்டுக்கொண்டிருந்தது.

சிரித்துவிடலாம். முதலியாரை மறுபடி முதலி ஆக்கியதும் இந்தக் கூத்தெல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் முதல் கட்டளையைத் திருப்ப முடியவில்லை. எந்த முதலி முன்பு மூட்லியாக இருந்தார்? கோப்புக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. பல மாதங்கள் கழித்து அண்ணனின் பழைய நோட்டு ஒன்றைப் புரட்டியபோது உண்மை புரிந்தது. கப்பல் பட்டியலில் இருந்து எடுத்ததற்கு மூட்லி, ஆட்களின் வாயால் கேட்டதற்கு முதலி என்று அவர் பிரித்து எழுதியிருக்கிறார். நான் ஒழுங்கின்மை என்று நினைத்தது அவருடைய பல வருட உழைப்பு. ஒரு நொடியில் அதை வழித்துத் துடைத்துவிட்டேன்.

இப்போது நீங்கள் மூன்சாமிக்கு வாருங்கள். 1860 முதல் 1911 வரை சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் நேட்டாலுக்கு வந்த 1,52,184 பேரின் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடலில் உள்ள தழும்பு வரை எழுதினார்கள். எழுதியவன் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினான். குப்புசாமி கூப்பூசாமி ஆனார். அது எளிது, ஒருவர்தான். மூன்சாமி யார்? முனுசாமியா, முனிசாமியா? அம்மா, செட்டுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கே எப்படித் தெரியும்? எங்கள் ஆயா தன் அப்பாவை முனிசாமி என்றுதான் சொல்வாள். அவள் தம்பி வீட்டார் முனுசாமி என்று சத்தியம் செய்கிறார்கள். கல்லறையில் மூன்சாமி என்று இருக்கிறது. நீங்கள் ஒரே கட்டளையில் எல்லோரையும் முனுசாமி ஆக்கினால், கெடுத்த அந்தக் குமாஸ்தாவுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? அவனாவது ஒவ்வொரு ஆளையும் எதிரே நிறுத்திக் கேட்டான்.

பெரியப்பாவுக்குக் கண்தானே மங்கியிருக்கிறது? மூன்சாமி என்று ஏன் எழுதினீர்கள் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கடிதத்தில் அதைக் காணோம். நான் கேட்க நினைத்தபோது அண்ணன் இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் கோப்புகள் இருக்கும் அடைவை முழுதாக நகலெடுத்து வேறு பெயரில் வையுங்கள். அடுத்து கிரெப் (grep) என்ற கட்டளை. அது தேடிக் காட்டும், எதையும் தொடாது. என் (-n) என்ற சிறுகுறி சேர்த்தால் வரி எண்ணும் கிடைக்கும். மூன்சாமி வரும் வரிகளை அச்செடுத்துப் பெரியப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் கோ, சில கோப்புகளில் ஒரே குறியாகவும் சிலவற்றில் இரண்டு துண்டுகளாகவும், அதாவது ஏகாரக் கொம்பும் காலுமாக, சேமிக்கப்பட்டிருக்கலாம். கோவிந்தன்கள் கிரெப்பில் குறைவாக வந்தால் அதுதான் காரணம்.

செட்டை ஐ இல்லாமல் ஓட்டினால் திருத்தம் திரையில் மட்டும் ஓடும், கோப்பு அப்படியே இருக்கும். அதைப் பார்த்துத் திருப்தி வந்தபின் ஐயைச் சேருங்கள். அதோடு ஒட்டி ஒரு புள்ளியும் பேக் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் (.bak) போட்டால் பழைய கோப்பு வால் முளைத்துப் பக்கத்தில் இருக்கும். ஆனால் அதையே இரண்டாம் முறை ஓட்டினால் அந்த நகலும் போய்விடும். பிறகு டிஃப் (diff) என்ற கட்டளை பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு மாறிய வரிகளை மட்டும் காட்டும். ஒரு வரி விடாமல் படியுங்கள். ஒரு நிமிட வேலை என்று சொன்ன பையனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

ஆமாம், வி-ஐயிலிருந்து வெளியே வரும் வழியைச் சொல்லவே இல்லை. எஸ்கேப் விசை, முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி, பிறகு என்டர். நீங்கள் தட்டியது எதுவும் சேமிக்கப்படாது.