ஏஐ வேலையைத் தின்னுமா என்று கேட்ட தம்பிக்கு

ஹெச்1பி என்ற வேலை விசாவில் அமெரிக்கா வந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, எங்கள் டீமில் பாதி கோடிங்கை ஏஐதான் எழுதுகிறது. அடுத்த லேஆஃபில் என் பெயர் வருமா? எந்தக் கோர்ஸ் படித்தால் தப்பிக்கலாம்? இந்த நேரத்தில் கார் லோன் போடலாமா?"

கோர்ஸ் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், அதை விற்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கார் உங்கள் இஷ்டம். எனக்குக் கவலை விசா பற்றித்தான். வேலை போனால் இந்த ஊர்க்காரனுக்குச் சம்பளமும் இன்சூரன்ஸும் போகும். நமக்கு இங்கே இருப்பதற்கான காரணமே போய்விடும்.

வேலை போனாலும் புது வேலை தேட 60 நாள் டைம் இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். அது "60 நாள் வரை". எந்தத் தேதிவரை இங்கே தங்கலாம் என்று காட்டும் உங்கள் ஐ-94 பதிவு அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். சம்பளக் கணக்கில் இருந்த கடைசி நாளிலிருந்துதான் பொதுவாக எண்ணுவார்கள். வேலையை விட்டு அனுப்பும்போது தரும் செவரன்ஸ் பணம் வாங்கியதால் ஒரு நாள்கூட நீளாது. அதற்குள் ஆஃபர் லெட்டர் வாங்கினால் மட்டும் போதாது, புது கம்பெனியின் மனு குடியேற்றத் துறையான யூஎஸ்சிஐஎஸ்ஸுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதற்கும் முன்னால் சம்பளம், வேலை நிலைமை பற்றி கம்பெனி உறுதி சொல்லும் எல்சிஏ என்ற பேப்பருக்குத் தொழிலாளர் துறையிடம் ஒப்புதல் வாங்க 7 வேலை நாள். வக்கீல் பேப்பர் கேட்டு இழுப்பது தனி. கூட்டிக் கழித்துப் பார்த்தால் இன்டர்வியூவுக்கு மிஞ்சுவது நாற்பது நாள் சொச்சம். ஒன்றும் அமையாவிட்டால், அந்தக் கெடு முடிவதற்குள் ஐ-539 என்ற விண்ணப்பம் போட்டு விசிட்டர் அந்தஸ்துக்கு மாறக் கேட்கலாம். ஆனால் அதில் வேலை பார்க்க முடியாது.

லேஆஃப் எப்படி வரும் தெரியுமா? காலையில் காலண்டரில் பதினைந்து நிமிட மீட்டிங், அஜெண்டா இல்லை, ஹெச்ஆர் பெயர் மட்டும் இருக்கும். அது முடிவதற்குள் லேப்டாப் பூட்டிக்கொள்ளும். ஐ-797 என்ற விசா மனு அங்கீகாரக் கடிதம், சம்பளச் சீட்டு, எல்சிஏ எல்லாம் ஆபீஸ் மெயிலிலேயே கிடந்தால் பிறகு நீங்கள் யாரிடம் கெஞ்சுவீர்கள்? உங்களுக்குச் சொந்தமான பேப்பர்களின் நகலை இன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

கிரீன் கார்டு விஷயத்தில் இன்னொன்று, இதை யாரும் புதியவர்களிடம் சொல்வதில்லை. கம்பெனி ஆட்குறைப்பு செய்தால், அடுத்த 6 மாதத்துக்கு அதே மாதிரி வேலைக்குப் பெர்ம் (கிரீன் கார்டுக்கான முதல் படியாகத் தொழிலாளர் துறையிடம் போடும் விண்ணப்பம்) போடும்போது, நீக்கிய அமெரிக்கர்களுக்குத் தகவல் சொல்லி அவர்களைப் பரிசீலித்தாக வேண்டும். அந்தத் தலைவலிக்குப் பயந்தே பல கம்பெனிகள் பெர்மை நிறுத்திவைத்துவிடும். உங்கள் வேலை தப்பியிருக்கும், ஃபைல் மட்டும் நகராது. அடுத்த படியான ஐ-140 என்ற கம்பெனி மனு அங்கீகாரமாகி 180 நாள் தாண்டிவிட்டால் கொஞ்சம் மூச்சு விடலாம். அப்புறம் கம்பெனி வாபஸ் வாங்கினாலும் அதைக் காட்டி ஹெச்1பியை நீட்டிக்க வழி உண்டு.

சரி, ஏஐ. எல்லாப் பழியையும் அதன் தலையில் கட்டுவது முதலாளிகளுக்கு வசதி. மெட்டா 11,000 பேரை அனுப்பியது 2022 நவம்பர் 9 அன்று. சாட்ஜிபிடி வந்தது அதே மாதம் 30. கொரோனா காலத்தில் வட்டி பூஜ்யத்தில் இருந்தபோது ஆட்களை அள்ளிப் போட்டார்கள், 2022 மார்ச்சிலிருந்து வட்டி ஏறியதும் கழித்துவிட்டார்கள். போதாததற்கு அந்த ஆண்டிலிருந்து வரிச் சட்டமும் மாறியது: மென்பொருள் உருவாக்கும் செலவை வரிக் கணக்கில் ஒரே வருடத்தில் கழிக்க முடியாமல் 5 வருடத்துக்குப் பிரிக்க வேண்டியதாயிற்று. உள்நாட்டுச் செலவுக்கு அது 2025 ஜூலையில்தான் தளர்ந்தது. இதையெல்லாம் எந்த சிஇஓவும் மேடையில் சொல்வதில்லை.

அதற்காக ஏஐ சும்மா என்றும் சொல்லமாட்டேன். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2025இல் சம்பளப் பட்டியல்களை அலசியபோது, ஏஐ அதிகம் நுழைந்த தொழில்களில் 22 முதல் 25 வயதுக்காரர்களின் வேலை மற்றவர்களோடு ஒப்பிட்டால் 13 சதவீதம் குறைந்திருந்தது. அனுபவசாலிகளிடம் அந்தச் சரிவு இல்லை. சின்ன பக், யூனிட் டெஸ்ட் என்று புதியவர்களுக்குக் கொடுத்துப் பழக்கிய வேலையை இப்போது மெஷின் செய்கிறது. ஆனால் செய்வதைப் பாருங்கள். சமீபத்தில் பேமென்ட் சர்வீஸ் பதில் தராமல் டைம்அவுட் ஆனால் மறுபடி முயலும் புரோகிராம் கோடு ஒன்று என்னிடம் ரிவ்யூவுக்கு வந்தது. பார்க்க அழகு, டெஸ்ட் எல்லாம் பச்சை. டெஸ்டையும் ஏஐயே எழுதியிருந்தது. முதல் தடவையே பணம் எடுபட்டு, பதில் மட்டும் வழியில் தொலைந்திருந்தால்? கஸ்டமரிடம் இரண்டு முறை பிடித்திருக்கும். அதைக் கேட்கத் தெரிந்த ஆளாக நீங்கள் இருந்தால் லிஸ்டில் பெயர் கொஞ்சம் கீழே போகும். அவ்வளவுதான் என் கோர்ஸ்.

நான் வந்தது 2001இல், டாட்காம் என்ற இன்டர்நெட் கம்பெனிகளின் மவுசு கவிழ்ந்த கையோடு. கன்சல்டன்சியின் கெஸ்ட் ஹவுஸில் தரையில் மெத்தை போட்டுப் படுத்திருந்தோம். ப்ராஜெக்ட் இல்லாமல் பென்ச்சில் உட்கார வைத்தாலும் சம்பளம் தர வேண்டும் என்று 1998லேயே சட்டம் வந்துவிட்டது, எங்கள் முதலாளிக்கு மட்டும் அது எட்டவில்லை. "ப்ராஜெக்ட் கிடைக்கட்டும், பார்க்கலாம்" என்பார். இந்த 60 நாள் ஏற்பாடும் அப்போது கிடையாது, அது 2017 ஜனவரியில் வந்தது. எங்களுக்கு வேலை போன மறுநாளே அந்தஸ்து போச்சு. ஜாவாக்காரனாக வந்தவன், மெயின்ஃப்ரேம் வேலைதான் இருக்கிறது என்றதும் ராத்திரி ராத்திரியாக அந்தப் பழைய பெரிய கம்ப்யூட்டருக்கான ஜேசிஎல் மொழியின் மேனுவலைப் படித்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். அந்த அறையில் இரண்டு வருட அனுபவத்தை ஏழு வருடமாக்கி ரெஸ்யூமே போட்டவர்களும் இருந்தார்கள். இப்போது அவர்கள் கையில் சிட்டிசன்ஷிப் இருக்கிறது. வாட்ஸப் குரூப்பில், "வருகிற பையன்களுக்குத் தரம் இல்லை, ஹெச்1பியை நிறுத்த வேண்டும்" என்று தினம் ஃபார்வர்டு அனுப்புகிறார்கள். நான் மியூட்டில் போட்டுவிட்டேன். மனைவிதான் அவ்வப்போது வாசித்துக் காட்டிச் சிரிக்கிறாள்.