ஆண் இல்லாமல் இட்ட பாம்பு முட்டை

கேள்வி: ஐயா, நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். கோழிகளோடு கார்ன் ஸ்னேக் என்கிற விஷமில்லாத பாம்பில் ஒரு பெண்ணும் வளர்க்கிறேன். போன வருடம் பெரிய பாம்பாகவே வாங்கினேன். என்னிடம் ஆண் பாம்பு இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை 14 முட்டை இட்டிருக்கிறது. கோழி இன்குபேட்டரில் வைக்கலாமா? அம்மா புற்றடியில் வைத்துவிடச் சொல்கிறார்.

பதில்: தம்பி, சேவல் இல்லாமலே உங்கள் கோழி முட்டை இடுகிறது இல்லையா? பாம்பும் அப்படித்தான். பெரும்பாலும் இவை கூமுட்டையாகத்தான் இருக்கும். ஆனால் பெரிய பாம்பாக வாங்கினேன் என்கிறீர்களே, அங்கேதான் யோசிக்க வேண்டும். பெண் பாம்பு ஆணின் விந்தை மாதக்கணக்கில் உடம்புக்குள் வைத்திருக்கும். அதனால் உடனே எறிந்துவிடாதீர்கள்.

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு முட்டையின் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சிவப்பாக நரம்பு ஓடினால் கரு இருக்கிறது. ஒரே மஞ்சளாகத் தெரிந்தால், அதுவும் சிறுத்து மெழுகுபோல இருந்தால், கூமுட்டை. சந்தேகமானதை ஈரமான வெர்மிகுலைட்டில் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) ஒரு வாரம் வைத்து மறுபடி பாருங்கள். மேல்பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள், கிடந்த வாக்கிலேயே கிடக்கட்டும். கோழி முட்டையைத் திருப்பாவிட்டால் கெடும், பாம்பு முட்டையைத் திருப்பினால் உள்ளே கரு செத்துப்போகலாம். கோழி இன்குபேட்டர் வேண்டவே வேண்டாம். அது 37.5 டிகிரி, இதற்கு 27, 28 போதும்.

கூமுட்டை என்று உறுதியானால் பையில் கட்டிக் குப்பையில் போட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வயிற்றுப்போக்கு தரும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். அம்மாவின் மனசு புரிகிறது, ஆனால் புற்றடியில் வேண்டாம், நாய் தோண்டும். கருவுள்ள முட்டை வேண்டாமென்றால் சீக்கிரமே ஃப்ரீசரில் வைத்துவிட்டு எறியுங்கள். கரும்புக் காட்டில் மட்டும் விட்டுவிடாதீர்கள். இது அமெரிக்கப் பாம்பு, நம் நேட்டால் மண்ணுக்குச் சொந்தமில்லை.

முட்டையை விட எனக்குக் கவலை தாயைப் பற்றித்தான். வயிற்றின் பின்பகுதியைக் கைக்குள் மெல்ல ஊர விடுங்கள். விரலுக்குக் கட்டியாக ஏதாவது தட்டுப்பட்டு, இட்டு இரண்டு நாளாகியும் வெளியே வரவில்லை என்றால் முட்டை சிக்கியிருக்கலாம். அழுத்தித் தள்ளாதீர்கள், உள்ளே கிழிந்துவிடும். பாம்பு பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே கொண்டுபோங்கள். கட்டி இல்லையென்றால் நல்லது. பெட்டியைக் கழுவிப் புது விரிப்பு போட்டு, தண்ணீர் வையுங்கள். இளைத்துப் போயிருக்கும், பாவம். வழக்கமாகக் கொடுப்பதை விடச் சின்ன எலியாக முதலில் கொடுங்கள்.