மனநல வார்டில் நர்ஸுக்கு என்னதான் வேலை? வாசகர் கேள்விகள்

கேள்வி: நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த மாதம் மனநல வார்டில் போஸ்டிங். இப்போதே உள்ளுக்குள் உதறுகிறது. சீனியர்களோ, "அங்கே டிரெஸ்ஸிங்கா, டிரிப்பா, சும்மா பேசிவிட்டு வரலாம்" என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: பேசுவது நிஜம், 'சும்மா' என்பதுதான் பொய். ஹில்டகார்ட் பெப்லாவ் என்ற அமெரிக்க நர்ஸ் 1952-லேயே ஒரு புத்தகம் எழுதி, நர்ஸுக்கும் நோயாளிக்கும் நடுவில் உருவாகும் உறவே சிகிச்சையில் ஒரு பங்கு என்று வாதாடினார். அறிமுகம், சேர்ந்து வேலை செய்வது, விடைபெறுவது என்று உங்கள் பாடத்தில் வருகிறதே, அதன் வேர் அங்கேதான். படிக்கும்போது ஐந்து மார்க் கேள்வி மாதிரி தெரியும், வார்டுக்குப் போனால்தான் அதன் எடை புரியும்.

முதல் நாளே உங்கள் பெயரைச் சொல்லுங்கள், மாணவி என்பதைச் சொல்லுங்கள், எத்தனை வாரம் இருப்பீர்கள், எந்தத் தேதியில் கிளம்புவீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். வந்தவுடனே போகிற பேச்சா என்று தோன்றும். ஆனால் பலரும் கைவிட்டுப்போன ஒருவரிடம் நான்கு வாரம் நெருங்கிப் பழகிவிட்டு ஐந்தாவது வாரம் சொல்லாமல் காணாமல் போவது எவ்வளவு பெரிய அடி என்று யோசியுங்கள். பத்து மணிக்கு வருகிறேன் என்றால் பத்து மணிக்குப் போய் நில்லுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன், என்னிடம் சொல்லுங்கள்" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், ஏனென்றால் உயிருக்கு ஆபத்தான விஷயம் வந்தால் நீங்கள் டீமிடம் சொல்லியே ஆக வேண்டும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே கண் வேலை செய்ய வேண்டும். குளித்திருக்கிறாரா, தூங்கினாரா, தட்டில் சாப்பாடு மீந்திருக்கிறதா, பேச்சு வேகமா மந்தமா, ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் தொடர்பு இருக்கிறதா. மனநிலைப் பரிசோதனை என்று பெரிய பெயரில் படிப்பது பாதிக்கு மேல் இதுதான். அதை எழுதுவதிலும் ஒரு கை வேண்டும். 'நோயாளி முரட்டுத்தனமாக நடந்தார்' என்று எழுதினால் அடுத்த ஷிஃப்டுக்கு ஒன்றும் விளங்காது. 'காலை 7 மணிக்கு மாத்திரையைத் தட்டிவிட்டார், இதில் விஷம் கலந்திருக்கிறது என்றார்' என்று எழுதுங்கள், வருகிற நர்ஸுக்கு எப்படி அணுகுவது என்று தெரிந்துவிடும்.

அப்புறம் மௌனம். எதிரில் இருப்பவர் பேசாமல் இருந்தால் ஒரு நிமிடம் பத்து நிமிடமாக நீளும், நாம் பதறிப்போய் எதையாவது சொல்லி நிரப்புவோம். அவர் சொல்ல வாய் திறக்கும் நேரத்தில் நானே குறுக்கே விழுந்து கெடுத்த நாட்கள் உண்டு. உட்கார்ந்திருங்கள், போதும்.

பயத்தைக் கேட்டீர்கள். அங்கே இருக்கிறவர்களில் பெரும்பாலானோர் உங்களைவிட அதிகம் பயந்துபோயிருப்பவர்கள். இருந்தாலும், கதவுக்குப் போகும் வழி உங்கள் இருவருக்குமே அடைபடாத இடமாகப் பார்த்து உட்காருங்கள், இரண்டு கை நீளம் இடைவெளி விடுங்கள்.

கேள்வி: குரல் கேட்கிறது என்று நோயாளி சொன்னால் 'ஆமாம்' என்பதா, 'அப்படி ஒன்றும் இல்லை' என்பதா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஆமாம் என்றால் மாயக்குரலுக்கு நீங்கள் சாட்சி சொன்னதாகிவிடும், இல்லை என்றால் அவர் உங்களிடம் அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிடுவார். "எனக்குக் கேட்கவில்லை. ஆனால் உங்களுக்குக் கேட்கிறது, அது எவ்வளவு தொந்தரவாக இருக்கும்" என்ற தோரணையில் போங்கள். உடனே அடுத்த கேள்வி, அந்தக் குரல் என்ன சொல்கிறது? இதைக் கேட்காமல் எழுந்து வரவே கூடாது. தன்னையோ பிறரையோ தாக்கச் சொல்லி அது கட்டளையிட்டால், அந்த நிமிடமே மருத்துவருக்குத் தெரிய வேண்டும். யாரோ என்னைக் கண்காணிக்கிறார்கள் என்பது போன்ற அசைக்க முடியாத நம்பிக்கைகளுக்கும் இதே வழிதான். ஆதாரம் காட்டி வாதாடி அதை உடைத்தவர் யாரும் இல்லை, அந்த நம்பிக்கை தரும் பயத்தைப் பற்றிப் பேசுங்கள்.

கேள்வி: தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்த மாதிரி ஆகாதா?

பதில்: ஆகாது. அனுபவமுள்ள நர்ஸ்கள்கூட இந்தப் பயத்தில் சுற்றி வளைத்துக் கேட்பதைப் பார்க்கிறேன். "தப்பான எண்ணம் எதுவும் இல்லையே?" என்று கேட்டால் 'இல்லை' என்ற பதிலை நாமே எடுத்துக் கொடுக்கிறோம். "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்றே கேளுங்கள். ஆம் என்றால், எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, முன்பு முயன்றதுண்டா என்று தொடருங்கள். அவரைத் தனியே விடாமல் டீமுக்குச் சொல்லுங்கள். யாராவது இப்படிக் கேட்டார்களே என்று மூச்சு விடுகிறவர்கள்தான் அதிகம்.

இன்னொன்று, இதில்தான் வார்டுகள் ஏமாறுகின்றன. மனச்சோர்வுக்கான மாத்திரை மனதைத் தொட வாரங்கள் ஆகும், ஆனால் உடம்பில் தெம்பு சில நேரம் அதற்கு முன்பே திரும்பிவிடும். படுத்தே கிடந்தவர் எழுந்து நடமாடுகிறார் என்று நாம் நிம்மதியடையும் வாரம், அவர் மனதில் எண்ணம் அப்படியே இருக்க, செய்து முடிக்கும் சக்தி மட்டும் வந்துவிட்ட வாரமாக இருக்கலாம். திடீரென்று முகத்தில் ஓர் அமைதி, பொருட்களை எல்லாம் பிறருக்குக் கொடுப்பது, இவற்றை 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லியிருந்தால், கடிகாரம் மாதிரி சரியாகப் பதினைந்தாவது நிமிடத்தில் போகாமல், அதற்குள்ளேயே நேரத்தை முன்பின்னாக மாற்றிப் போங்கள். உங்கள் ரவுண்டு நேரத்தை அவர் உங்களைவிட நன்றாகக் கணக்கு வைத்திருப்பார்.

கேள்வி: என் அண்ணன் மனநிலை ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்த லித்தியம் என்ற மருந்து சாப்பிடுகிறார். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு, கை பலமாக நடுங்குகிறது, நடையும் தள்ளாடுகிறது. தானாகச் சரியாகிவிடுமா?

பதில்: காத்திருக்காதீர்கள், இன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், மருத்துவர் சொல்லும்வரை அடுத்த டோஸ் வேண்டாம். லேசான நடுக்கம் லித்தியத்தில் சகஜம்தான், ஆனால் நீங்கள் சொல்லும் மூன்றும் சேர்ந்து வந்தால் ரத்தத்தில் மருந்து ஏறியிருக்கலாம். வழக்கமாக லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லி ஈக்விவலன்ட்டுக்குள் வைத்திருப்பார்கள், 1.5-ஐத் தாண்டினால் விஷமாக மாறத் தொடங்குகிறது, சிலருக்கு அதற்குக் கீழேயும். வயிற்றுப்போக்கில் நீரும் உப்பும் வெளியேற, சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கிற அவசரத்தில் லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இதனால்தான் இந்த மருந்து சாப்பிடுகிறவர்கள் திடீரென்று உப்பைக் குறைக்கவும் கூடாது, கேட்காமல் இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை போடவும் கூடாது.

கேள்வி: ஒரு நோயாளியைக் கண்டாலே எரிச்சல் வருகிறது. எனக்குக் குணம் சரியில்லையோ?

பதில்: குணத்தில் கோளாறில்லை. அவர் உங்களுக்கு யாரையோ நினைவுபடுத்தலாம். குடித்துவிட்டு வந்த அப்பாவாக இருக்கலாம், எதற்கெடுத்தாலும் குறை சொன்ன டீச்சராக இருக்கலாம். யார் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி எரிச்சல் இறங்கிவிடும், மீதியை மூத்த நர்ஸ் ஒருவரிடம் மறைக்காமல் பேசுங்கள். எரிச்சலை விடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. ஒரு நோயாளியை மட்டும் ரொம்பப் பிடித்துப்போய், டியூட்டி முடிந்த பிறகும் உட்கார்ந்து பேசி, போன் நம்பர் கொடுத்து, 'என்னிடம் மட்டும்தான் மனம் விட்டுப் பேசுகிறார்' என்று பெருமைப்படுவது. அந்த எண்ணம் வந்த அன்றைக்கே மூத்தவரிடம் போய்விடுங்கள்.