ஏலியன் வரிசையின் முன்கதைப் படங்கள் முதல் படத்தின் அச்சத்தைத் தராததற்கு, முடிவு முன்பே தெரிந்திருப்பதுதான் காரணமா?

அது ஒரு சிறிய காரணம் மட்டுமே என்பது என் கருத்து. முடிவு தெரிந்த கதையிலும் துயரம் குறைவதில்லை, சில வேளைகளில் கூடவும் செய்யும். ஆனால் திகிலுக்கு அறியாமை தேவை. அந்த அறியாமையைப் போக்குவதற்காகவே முன்கதைகள் எடுக்கப்படுகின்றன.

ரிட்லி ஸ்காட்டின் 1979ஆம் ஆண்டுப் படமான ‘ஏலியன்’-இல், நாஸ்ட்ரோமோ என்ற விண்கப்பலின் ஆட்கள் மூவர் கைவிடப்பட்ட வேற்றுலகக் கலம் ஒன்றினுள் நுழைந்து, பிரம்மாண்டமான இருக்கை ஒன்றில் இறந்து கிடக்கும் உருவத்தைப் பார்க்கிறார்கள். எச். ஆர். கீகர் வடிவமைத்த அந்த உடல் இருக்கையோடு சேர்ந்தே வளர்ந்தது போலவும், எப்போதோ கல்லாகிப் போனது போலவும் இருக்கும். விலா எலும்புகள் உள்ளிருந்து வெளியே வளைந்திருக்கும். அரங்கு இன்னும் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, சிறிய விண்வெளி உடைகளை அணிவித்துச் சிறுவர்களை அங்கே நடக்க வைத்தார் ஸ்காட். அந்த உருவம் யார், என்ன நேர்ந்தது என்பதைப் படம் சொல்வதே இல்லை. மனிதர்களுக்கு எந்தப் பங்கும் இல்லாத ஏதோ ஒன்று வெகு காலத்துக்கு முன்பே இங்கே நடந்து முடிந்திருக்கிறது என்ற உணர்வுதான் அக்காட்சியில் நம்மை நடுங்க வைக்கிறது.

2012இல் வந்த ‘ப்ரொமீதியஸ்’ அதை விளக்க முற்பட்டது. எலும்புபோல் தெரிந்தது ஓர் உடை என்றும், உள்ளே இருப்பவர் மனித குலத்தையே உருவாக்கிய வெளிறிய நெடிய மனிதர் என்றும் ஆயிற்று. 2017ஆம் ஆண்டின் ‘ஏலியன்: கவனன்ட்’ இன்னும் ஒரு படி போய், டேவிட் என்ற மனித உருவ இயந்திரமே, முதல் படத்தில் நாஸ்ட்ரோமோ ஆட்களைக் கொன்ற கொடிய உயிரை உருவாக்கியதாகக் காட்டியது. கதைக் கணக்கில் இது நடப்பது 2104இல். நாஸ்ட்ரோமோ பயணமோ 2122இல். கல்லாகும் அளவுக்குப் பழையதாகத் தோன்றிய பயங்கரம், மனிதன் செய்த இயந்திரம் இருபது ஆண்டுகளுக்குள் விளைவித்த ஒன்றாகச் சுருங்கியது. முதல் படத்தில் நம்மைப் பொருட்படுத்தாத பிரபஞ்சம், இப்போது நம்மையே சுற்றி வருகிறது. இந்த இழப்பைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

முட்டைக் காட்சியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 1979இல் நாஸ்ட்ரோமோ ஆட்களில் ஒருவரான கேன், அந்தக் கலத்தினுள் கண்ட முட்டையின் மேல் குனியும்போது அவருக்குத் தெரிந்த அளவே நமக்கும் தெரியும். ‘கவனன்ட்’ படத்தில், டேவிட்டை ஏற்கெனவே சந்தேகிக்கும் ஓரம் என்ற கப்பல் தலைவர், அவன் பேச்சைக் கேட்டு முட்டைக்குள் எட்டிப் பார்க்கிறார். அதிலிருந்து ஓர் உயிர் அவர் முகத்தில் பாயப்போவது நமக்குத் தெரியும் என்பதால், அவர் முட்டாளாகத் தெரிகிறாரே தவிர, அவருக்காக நெஞ்சு பதறுவதில்லை.

இது இந்த வரிசைக்கு மட்டும் உரிய சிக்கலன்று. 1982இன் ‘தி திங்’ என்ற திகில் படத்தில் எரிந்து கிடந்த நார்வே முகாமும் கதவில் பாய்ந்திருந்த கோடரியும் நம் கற்பனையைக் கிளறின. 2011இன் முன்கதைப் படமோ அந்தக் கோடரி அங்கே எப்படி வந்தது என்று கணக்குக் காட்ட வேண்டியதாயிற்று.

இவ்வளவு குறைகளுக்கும் இடையே, மைக்கேல் ஃபாஸ்பெண்டர் நடித்த டேவிட் மறக்க முடியாத பாத்திரம். ‘ப்ரொமீதியஸ்’ படத்தின் தொடக்கத்தில் மற்றவர்கள் நீள்துயிலில் இருக்க, அவன் மட்டும் தனியே சைக்கிளில் சுற்றியபடி கூடைப்பந்து எறிகிறான், பழைய திரைப்படம் ஒன்றைப் பார்த்து அதன் நாயகனைப் போலத் தலையைச் சீவிக்கொள்கிறான். முதல் படத்தின் எந்தக் கேள்விக்கும் இந்தக் காட்சிகள் பதில் சொல்லவில்லை. அதனால்தான் டேவிட் அடுத்து என்ன செய்வான் என்பதை நம்மால் ஊகிக்க முடியவில்லை. உறங்கும் குடியேறிகள் நிறைந்த கப்பல் அவன் கைக்கு வருவதோடு ‘கவனன்ட்’ முடிகிறது. அதன் பிறகு அவன் என்ன செய்தான் என்பது 1979ஆம் ஆண்டுப் படத்தால் தீர்மானிக்கப்படாத கதை. எடுக்கப்படாமலே போன அந்தப் படத்தைத்தான் நான் பார்க்க விரும்பினேன்.