கேம் ஆடும்போது மட்டும் திரை கருத்துப்போகிறது: கார்டா, எஸ்எம்பிஎஸ்ஸா?

கேள்வி: எட்டு மாதத்துக்கு முன் ஈரோட்டில் ஒரு கடையில் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு புதிதாக வாங்கினேன். என் பழைய கம்ப்யூட்டரில் அவர்களே மாட்டிக் கொடுத்தார்கள். படம் பார்க்க, பிரவுஸ் செய்ய ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் கொஞ்ச நாளாகக் கேம் ஆரம்பித்துக் கால் மணி நேரத்தில் திரை கருத்துப்போய், கார்டின் ஃபேன் மட்டும் பயங்கரச் சத்தத்தோடு சுற்றுகிறது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் அணைக்க வேண்டியிருக்கிறது. கடையில் கேட்டால், "உங்க எஸ்எம்பிஎஸ் 450 வாட்தான், புதுசு வாங்கிப் போடுங்க, கார்டுல ஒண்ணுமில்ல" என்கிறார்கள். வாங்கவா? வாரன்டி கேட்க முடியுமா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி, போதவில்லை என்று கடைக்காரர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். 3060 கார்டு 170 வாட் வரை இழுக்கும். குறைந்தது 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று இந்த கார்டின் சிப்பை உருவாக்கிய என்விடியா நிறுவனமே சொல்கிறது. ஆனால் அதை மாட்டிக் கொடுத்த அன்றே சொல்லியிருக்க வேண்டியவர்கள் அவர்கள்தானே? கழற்றிக்கூடப் பார்க்காமல் சொல்லும் தீர்ப்பை நம்பி நீங்கள் செலவு செய்ய வேண்டாம்.

கம்ப்யூட்டர் எப்படி விழுகிறது, அதாவது எப்படி நின்றுபோகிறது என்பதில் பாதி விடை இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கியது போல மொத்தமாக அணைந்தால் எஸ்எம்பிஎஸ் அல்லது யுபிஎஸ் மேல் சந்தேகப்படலாம். வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வந்து நின்றால் டிரைவர் (கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்), ராம், அந்தக் கேம் என்று பார்க்க வேண்டும். உங்களுக்கு நடப்பது போலத் திரை கருத்து ஃபேன் அலறினால், கார்டுக்குப் போகும் மின்சாரம், சூடு, கார்டு இந்த மூன்றில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

முதலில் கேபினெட்டைத் திறந்து கார்டுக்குப் போகும் பவர் கேபிளைப் பாருங்கள். பழைய எஸ்எம்பிஎஸ் சிலவற்றில் கார்டுக்கான 8 பின் கேபிள் இருக்காது என்பதால், ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா பவர் முனையிலிருந்து ஒரு கன்வெர்டர் போட்டுக் கொடுப்பது சில கடைகளில் வழக்கம். 8 பின் இணைப்பு 150 வாட் வரை கொடுக்க வேண்டியது. சாட்டா முனையோ 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட்டுக்குத்தான் வடிவமைக்கப்பட்டது. டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்போது ஓடும், கேமில் திணறும். பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ கருகல் வாடை வந்தாலோ அதற்குமேல் ஆன் செய்யாதீர்கள். தீப்பிடிக்கும் விஷயம் இது. போட்டோ எடுத்து வையுங்கள், மாட்டியது கடை என்பதால் பின்னால் உதவும்.

கேபிள் சரியாக இருந்தால் செலவில்லாத வேலைகளை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமலே போய்விடும். விண்டோஸின் சேஃப் மோடில் டிடியு (டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்) மென்பொருளால் பழைய டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அப்புறம் வெப்பம், மின்சார அளவுகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளை ஓடவிட்டு, அளவுகளை ஃபைலில் பதியச் சொல்லிக் கேம் ஆடுங்கள். திரை போனாலும் அதுவரையிலான பதிவு பெரும்பாலும் இருக்கும். 3060-க்கு என்விடியா சொல்லும் உச்ச வெப்பம் 93 டிகிரி. அதை ஒட்டிப் போயிருந்தால் தூசு, ஃபேன், காற்றோட்டம் பக்கம் பாருங்கள். 70 டிகிரியிலேயே விழுந்திருந்தால், எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கும் மின்சாரத்தின் உச்ச வரம்பை) 70 சதவீதமாகக் குறைத்து ஆடிப் பாருங்கள். அதில் நின்று ஓடினால் மின்சாரத்தின் மேல் சந்தேகம் வலுக்கும், ஆனாலும் கார்டு தப்பித்துவிட்டது என்று முடிவு கட்ட முடியாது.

முடிவு கட்டும் சோதனை ஒன்றுதான். நல்ல 650 வாட் எஸ்எம்பிஎஸ் வைத்திருக்கும் நண்பரின் கம்ப்யூட்டரில் உங்கள் கார்டை மாட்டி, அதே கேமை ஆடுங்கள். அங்கேயும் விழுந்தால் கோளாறு கார்டில்தான். கார்டின் சீரியல் நம்பர், திரை கருப்பாவது இரண்டும் தெரிய ஒரே வீடியோவாக எடுங்கள். அங்கே மணிக்கணக்கில் ஓடினால் கடைக்காரர் சொன்னது சரி, எஸ்எம்பிஎஸ் வாங்கலாம்.

கார்டில்தான் கோளாறு என்றால் பில் நகலோடு கடையிலோ சர்வீஸ் சென்டரிலோ கொடுங்கள். ஒரிஜினல் பில்லைக் கொடுக்க வேண்டாம். அவர்கள் எழுதித் தரும் ஜாப் ஷீட்டில் 'டிஸ்ப்ளே பிரச்சினை' என்று மட்டும் எழுத விடாதீர்கள். அப்படி எழுதினால் டெஸ்க்டாப் வரை ஆன் செய்து பார்த்துவிட்டு 'கோளாறு இல்லை' என்று திருப்பிவிடலாம். 'கேம் லோடில் 15 நிமிடத்தில் திரை கருப்பாகிறது' என்று சீரியல் நம்பரோடு எழுதச் சொல்லுங்கள். வாரன்டி இருந்தும் மறுத்தால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு.