அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து நட்சத்திரங்கள் ஏன் ரஷ்யா, துருக்கி என்று போய் ஆடினார்கள்? இன்னும் போகிறார்களா?

பணம்தான். அனுபவம், ஊர் சுற்றிப் பார்ப்பது என்றெல்லாம் பேட்டிகளில் சொல்வார்கள், கொஞ்சம் தோண்டினால் சம்பளம்தான் வந்து நிற்கும். டயானா டாராசியின் ஆட்டத்தை ரொம்ப வருடமாகப் பார்த்து வருகிறேன், அதனால் அவரை வைத்தே சொல்கிறேன்.

2004இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்குத் தொடர்ந்து மூன்றாவது தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு, புது வீராங்கனைகளை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளாக ஃபீனிக்ஸ் மெர்க்குரி அணிக்குப் போனார். அவருக்கே அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யூஎன்பிஏ கொடுத்தது வருடத்துக்கு 40 ஆயிரம் டாலர் சொச்சம். அங்கே சீசன் கோடையில் நான்கைந்து மாதம்தான், ஐரோப்பிய லீக்குகளோ அக்டோபரில் தொடங்கி வசந்தம் வரை போகும். ஆக, கோடையில் அமெரிக்கா, குளிர்காலத்தில் ஐரோப்பா என்று இரண்டு வேலையும் பார்க்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் அமெரிக்க லீக்தான் முக்கிய வேலை போலத் தெரியும், ஆனால் குடும்பம் நடந்தது ரஷ்யச் சம்பளத்தில்.

டாராசி மாஸ்கோவில் முதலில் டைனமோ, அப்புறம் ஸ்பார்ட்டக். ஸ்பார்ட்டக் முதலாளி ஷப்தாய் கல்மனோவிச் ஒரு தனி ரகம். சோவியத்துக்கு உளவு பார்த்ததாக இஸ்ரேலில் சிறையில் இருந்துவிட்டு வந்து ரஷ்யாவில் தொழிலதிபரானவர். அணியால் லாபம் வருமா என்றெல்லாம் கணக்குப் பார்க்காமல் செலவழித்தார். டாராசிக்கும் இன்னொரு அமெரிக்க நட்சத்திரமான சூ பேர்டுக்கும் பெரிய வீடு, காரோட்டி, தனி விமானம் எல்லாம் உண்டு. அமெரிக்காவில் அதே வீராங்கனைகள் சாதாரணப் பயணிகள் விமானத்தில்தான் போய்வந்தார்கள், எல்லா ஆட்டங்களுக்கும் தனி விமானம் என்று டபிள்யூஎன்பிஏ அறிவித்ததே 2024இல்தான்! 2009 நவம்பரில் கல்மனோவிச்சை மாஸ்கோவில் காரிலேயே சுட்டுக் கொன்றார்கள். அந்த சீசனிலும் ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் யூரோலீக் கோப்பையை ஸ்பார்ட்டக் எடுத்தது, தொடர்ச்சியாக நான்காவது முறை.

துருக்கியில் கதை வேறு. டாராசி அங்கே ஃபெனர்பாச்சே கிளப்புக்கு ஆடும்போது, 2010 கடைசியில், ஊக்கமருந்துச் சோதனையில் மோடஃபினில் என்ற தடை செய்யப்பட்ட மருந்து இருப்பதாக அங்காரா ஆய்வகம் சொன்னது, ஒப்பந்தம் போயிற்று. சில வாரங்களில் அதே ஆய்வகம் தன் முடிவைத் திரும்பப் பெற்றது. வெளிநாட்டில் தனியாக இருக்கும் ஒருவருக்கு அந்தச் சில வாரங்கள் எப்படிப் போயிருக்கும்!

இதெல்லாவற்றையும்விட எனக்கு 2015தான் முக்கியம். ரஷ்யாவின் எக்டரின்பர்க் நகரக் கிளப் யூஎம்எம்சி அவருக்குச் சுமார் 15 லட்சம் டாலர் கொடுப்பதாகச் செய்தி வந்தது, டபிள்யூஎன்பிஏவின் உச்ச சம்பள வரம்பு அப்போது ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். உடம்புக்கு ஓய்வு வேண்டும், கோடையில் ஆடாதே என்று ரஷ்யக் கிளப்பே காசு கொடுக்க, நடப்பு சாம்பியனான மெர்க்குரிக்கு அந்த வருடம் அவர் ஆடவில்லை. ரசிகர்கள் சிலர் துரோகம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, வருடம் முழுக்க ஓடினால் முழங்காலும் கணுக்காலும் எத்தனை வருடம் தாங்கும்? பிரியானா ஸ்டூவர்ட் 2018இல் டபிள்யூஎன்பிஏவின் சிறந்த வீராங்கனை. அடுத்த ஏப்ரலில் ரஷ்ய கிளப்புக்காக யூரோலீக் இறுதியாட்டம் ஆடும்போது குதிகால் தசைநாண் அறுந்து, அந்த வருட அமெரிக்க சீசன் மொத்தமும் போயிற்று.

சரி, இப்போது? 2022 பிப்ரவரியில் இன்னொரு அமெரிக்க நட்சத்திரமான பிரிட்னி கிரைனர் மாஸ்கோ விமான நிலையத்தில் கஞ்சா எண்ணெயுடன் பிடிபட்டு, ஒன்பது வருடத் தண்டனை பெற்று, டிசம்பரில் அமெரிக்கச் சிறையில் இருந்த ரஷ்ய ஆயுத வியாபாரி விக்டர் பௌட்டுக்கு மாற்றாக விடுதலையானார். அவரும் அதே எக்டரின்பர்க் கிளப்புக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். உக்ரைன் போரும் சேர்ந்துகொள்ள, அமெரிக்க நட்சத்திரங்களுக்கு ரஷ்யக் கதவு ஏறக்குறைய மூடிவிட்டது. துருக்கிக்கு இன்னும் போகிறார்கள். ஆனால் பயிற்சி முகாம் தொடங்கும் முன் திரும்பாத மூத்த வீராங்கனைக்கு அந்த டபிள்யூஎன்பிஏ சீசனே கிடையாது என்ற விதி 2024இல் நடைமுறைக்கு வந்தது. குளிர்காலத்தில் வீட்டிலேயே சம்பாதிக்க ஸ்டூவர்ட்டும் நஃபீசா காலியரும் தொடங்கிய அன்ரைவல்டு லீக் 2025 ஜனவரியில் மயாமியில் ஆரம்பித்தது. டாராசி அடுத்த மாதமே, 42 வயதில், ஓய்வை அறிவித்துவிட்டார்.